ஆடி மாதத்தில் செவ்வாய்க்குக் குடிபோனது

ஜூலை 20, ஞாயிறு

ஆடி மாதத்தில் யாராவது புது வீட்டுக்குக் குடிபோவார்களா? நாங்கள் போயிருக்கிறோம். மனிதன் முதன்முதலில் நிலாவில் கால் வைத்த தேதி இதுதானாம். இன்றைக்குத்தான் கதவை அடைக்க வேண்டும் என்று செயலாளர் தனசிங் சார் ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

"ஆவணி பொறக்கட்டுமே சார்" என்றேன்.

"செவ்வாய்க் கிரகத்துல ஆடியும் கிடையாது ஆவணியும் கிடையாது ஆச்சி."

"ஜூலை மட்டும் உண்டுமோ?"

பதில் சொல்வதற்குள் போட்டோக்காரர் வந்துவிட்டார். என்னை நடுவில் நிறுத்தி நாலு பக்கமும் எடுத்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு முழு உடை, கையில் கண்ணாடிக் குடம் மாதிரி தலைக்கவசம். எழுபத்தொரு வயதில் கல்யாணப் பெண்ணைப் போல நின்றேன்.

எங்களுடையது செவ்வாய்க் குடியேற்றக் கழகம். தலைமைச் சங்கம் வெளிநாட்டில் இருக்கிறது, நாங்கள் கிளை. மனிதர்கள் ஒருநாள் செவ்வாயில் போய் ஊர் அமைக்க வேண்டும், அதற்கு இப்போதே பழக வேண்டும் என்பது கொள்கை. உடன்குடியில் என் வீட்டு மாடியில்தான் கூட்டம் நடக்கும். நான் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு வருடக் கணக்கில் ராக்கெட் பேசினார்கள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து கேட்பேன். ஒருநாள் உள்ளே போய், "குடியேத்தம் குடியேத்தம்ங்கிய. கிழவி இல்லாத குடி எந்த ஊர்லய்யா இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு உறுப்பினர் ஆனேன். இன்றைக்குக் குழுவில் ஒருத்தி.

குழுவில் மூன்று பேர். தலைவி எஸ்தர், கல்லூரியில் செடிகொடிப் பாடம் எடுப்பவள். முகைதீன் காயல்பட்டினத்துப் பையன், கரண்டு வேலை எல்லாம் அவன் பொறுப்பு. அப்புறம் நான், செல்லக்கனி, சமையல், கீரை வளர்ப்பு, வடிகட்டி கழுவுதல். இடம், தேரிக்காட்டுக்கு நடுவே எஸ்தர் வீட்டாரின் கொல்லாந்தோப்பு, முந்திரி மரங்கள். செக்கச்செவேலென்ற தேரி மணலில் கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு வெள்ளைக் குடில், ஒரு வட்டச் சன்னல். மூன்று வாரம். ஆள் நடுவில் வெளியேறினால் குழுவிலிருந்து பேர் போய்விடும். உடை போடாமல் கதவைத் திறந்தால் எல்லோரும் காற்றில்லாமல் செத்ததாகக் கணக்கு, முகாமே ரத்து.

தினமும் மனநிலையை எழுத வேண்டும் என்று தலைமைச் சங்கத்தின் உத்தரவு. எஸ்தர் இங்கிலீஷில் மாற்றி அனுப்புவாளாம். என் கையெழுத்து அவளுக்கு விளங்காது. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

ஜூலை 21, திங்கள்

குடிபோனால் பால் காய்ச்ச வேண்டும். காய்ச்சினால் போதாது, பொங்கி வழிய வேண்டும். பால்பொடியைக் கரைத்து மின்சாரக் கெட்டிலில் ஊற்றி, மூடியைத் திறந்து வைத்து, கிழக்குப் பக்கமாக வழியவிட்டேன். படாரென்று ஒரு சத்தம். குடில் முழுக்க இருட்டு.

"செவ்வாயில மொத விபத்து, பால் பொங்குனது" என்று முகைதீன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒயரைச் சரிபண்ண மத்தியானம் ஆனது. எஸ்தர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனாலும் பால் கிழக்கேதான் வழிந்தது.

ஜூலை 22, செவ்வாய்

தூங்குவதற்கு ரயிலில் இருப்பது போல மேல்தட்டு, கீழ்த்தட்டு. எனக்கு மேல்தட்டு விழுந்தது. உயரம் எனக்குப் பிடிக்காது என்று சொல்லிக் கீழே வாங்கிக்கொண்டேன். என் முழங்காலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வெற்றிலையை விட்டாயிற்று. செவ்வாயில் துப்ப இடமில்லை.

ஜூலை 25, வெள்ளி

இன்றைக்கு வெளிநடை. உடையை மாட்ட ஒரு மணி நேரம். நானும் எஸ்தரும் போய் மண் அள்ளி வர வேண்டும். ஆடிக்காற்று மணலை வாரி இறைக்கிறது. கண்ணாடிக் குடத்துக்குள் இருக்கிற என்மேல் ஒரு பொடி படவில்லை. மணல்மேட்டில் ஏறினோம். ஏறும்போது நான் இரண்டு மூன்று தடவை நின்றது காட்சியைப் பார்ப்பதற்காக.

மேட்டின் உச்சியில் நின்றால் தேரிக்கு அந்தப் பக்கம் தெரிகிறது. பனைகளுக்கு மேலே மஞ்சள் நிறத்தில் ஒரு மாடிக் கட்டடம்.

"என்ன ஆச்சி அங்கயே பாக்கிய?" எஸ்தரின் குரல் காதுக்குள் கேட்டது.

"ஒண்ணுமில்ல. அது என்ன கட்டடம்?"

"ஹைஸ்கூல். ரொம்பப் பழசு. எங்க அம்மா அங்கதான் படிச்சா."

"அப்படியா" என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

பூமியோடு நாங்கள் எழுத்தில்தான் பேசலாம். செவ்வாய் அவ்வளவு தூரம் என்பதால் ஒரு செய்தி போய்ச் சேரப் பன்னிரண்டு நிமிடம் ஆகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். தோப்பின் ஓரத்தில் ஒரு ஓலைக்கொட்டகைதான் பூமி. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பது என் பேத்தி தாரணி, என் மகன் சித்திரைவேலின் மகள். என்னைக் கழகத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி முதலில் கை தூக்கியவள் அவள்தான். அவள் மூளை என் வழி.

இன்று செயலாளரிடமிருந்து செய்தி வந்தது. எஸ்தர் படித்துவிட்டுத் திரையை மறைத்தாள்.

"என்னட்டி மறைக்கே?"

"ஒண்ணுமில்ல ஆச்சி…"

"தலைவி பொய் சொல்லக் கூடாது."

அவளுக்கு முகம் வாடிவிட்டது. முழுதும் சொன்னாள். முதலிலிருந்தே அதுதான் ஏற்பாடாம். முதல் வாரம் பத்திரிகைக்குப் பாட்டி. பிறகு பாட்டிக்கு முழங்கால் வலி என்று கௌரவமாக இறக்கிவிட்டு, கல்லூரிப் பையன் ஒருவனை ஏற்றுவது. பையன் உடை தைத்துத் தயாராக நிற்கிறானாம்.

முகைதீன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

நான் கீரைத் தட்டைக் கீழே வைத்தேன். "நான் சொல்லுதத அப்படியே அடி" என்றேன். எஸ்தர் அடித்தாள்.

*செவ்வாயிலிருந்து பூமிக்கு. செல்லக்கனியின் முழங்கால் நன்றாக இருக்கிறது. செயலாளருடைய முழங்கால் எப்படி இருக்கிறது? தைத்த உடையைப் பையன் தீபாவளிக்குப் போட்டுக்கொள்ளட்டும்.*

போக வரப் பன்னிரண்டும் பன்னிரண்டும். அதற்குப் பிறகு தாரணியிடமிருந்து ஒரு செய்தி: *ஆச்சி, இங்க கொட்டகையே சிரிச்சுக் கிடக்கு. சார் மட்டும் சிரிக்கல.*

ஜூலை 29, செவ்வாய்

என் மகன் தாரணி மூலம் செய்தி அனுப்பியிருக்கிறான். குமரன்விளையில் என் அண்ணன் டீக்கடையில் உட்கார்ந்து என்னைப் பற்றிப் பந்தயம் கட்டியிருக்கிறானாம். தோற்றால் மீசையை எடுப்பதாகச் சத்தியமாம். ஊர் சிரிக்கிறதாம். *மானம் போகுது, வெளிய வாம்மா* என்று முடித்திருக்கிறான்.

நான் ஓடி வந்துவிடுவேன் என்றுதான் கட்டியிருப்பான். வேறு என்ன கட்டுவான்?

எனக்குப் பத்து வயது. அஞ்சாம் வகுப்பில் நான்தான் முதல். ஆறாம் வகுப்புக்குத் தேரியைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும். அப்பா சரி என்றார். அண்ணன்தான் குறுக்கே விழுந்தான். "தேரியத் தாண்டுன பொட்டப்புள்ள திரும்பி வராது" என்றான். அவனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது. அதைத் தடவிக்கொண்டே சொன்னான். ஆடிக்காற்றில் மணல் நகர்ந்து வழி மறைந்துவிடும், ஆள்கள் திசை தெரியாமல் செத்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். பையன்கள் போனார்களே!

அந்த மீசை எடுபடுவதை நான் பார்க்க வேண்டும். ஆகஸ்ட் பத்தாம் தேதி கதவு திறந்ததும் நேரே குமரன்விளைக்குத்தான் போவேன். சவரக்கத்தியை நானே வாங்கிப் போவேன்.

ஜூலை 31, வியாழன்

காலையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தேன். எஸ்தர் வந்து அடுப்பை அணைத்தாள். தாரணியின் செய்தி. அவள் எப்போதும் கேலியாகத்தான் எழுதுவாள். இன்று ஒரே வரி.

*ஆச்சி, குமரன்விளைத் தாத்தா விடியக்காலம் தவறிட்டாங்க.*

அந்த வரி எனக்கு வந்து சேர்ந்தபோது அது நடந்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்தேன். கஞ்சிக்கு உப்புப் போட்டுவிட்டேனா என்பது மறந்துவிட்டது.

அடுத்தது செயலாளரின் செய்தி. ரொம்ப மரியாதையாக இருந்தது. இந்தத் துயரத்தில் நான் வெளியே வருவதை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். கழகம் எனக்குக் கௌரவ விண்வெளி வீராங்கனை என்று பட்டம் தரும். வண்டி தயாராக நிற்கிறது.

"போய்ட்டு வாங்க ஆச்சி" என்றாள் எஸ்தர். "கூடப் பொறந்தவங்கல்லா."

"செவ்வாயிலருந்து எப்படிட்டி போறது?"

"ஆச்சி, இது தேரிக்காடு. நமக்குத் தெரியும்லா."

"உனக்குத் தெரியும். எனக்குச் செவ்வாய்." 

அவள் அணைத்த அடுப்பைத் திரும்பப் போட்டாள். நான் சொன்னேன்: "நாளைக்கு நெசமாவே அங்க ஆள் போகும். அதுல ஒருத்திக்கு அண்ணன் சாவான். அவ என்ன பண்ணுவாளோ அதத்தான் நானும் பண்ணுவேன். அதுக்குத்தான இந்தக் குடில்? சாவு வந்தா வீட்டுக்கு ஓடுறதுக்குப் பேரு குடியேத்தமா? அது விருந்தாடி போறது."

பட்டம் அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று பதில் அடிக்கச் சொன்னேன்.

பிறகு கழிப்பறைத் தடுப்புக்குள் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்து, தலையில் ஊற்றிக்கொண்டேன். சாவு கேட்டால் தலைமுழுக வேண்டும். ஒரு குடத்துக்கு மேல் ஊற்றிவிட்டேன் என்று அப்புறம்தான் தெரிந்தது. அது மூன்று பேருக்கும் பொதுவான தண்ணீர்.

கண் சிவந்திருப்பதாக எஸ்தர் சொன்னாள். மணல் விழுந்துவிட்டது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை முழுதும் எழுதுகிறேன். இங்கிலீஷ்காரர்கள் படித்தால் படிக்கட்டும்.

மத்தியானம் வெளியே வண்டிச் சத்தம். முதலில் என் மகன் வந்தான். கதவைத் தட்டினான். உள்ளே இருந்த பாத்திரமெல்லாம் அதிர்ந்தது.

"எம்மா! எடுக்கப் போறாங்க. ஊரே கேக்குது, தங்கச்சிக்காரி எங்கன்னு. எந்திச்சு வா!"

செவ்வாயில் கதவைத் தட்ட ஆள் கிடையாது.

"எட்டி தாரணி, தள்ளு. நான் தொறக்கேன்."

வெளியே கைப்பிடி திரும்புகிற சத்தம் கேட்டது. எஸ்தர் எழுந்து நின்றுவிட்டாள். மூன்று பேருடைய உழைப்பும் அந்தக் கைப்பிடியில் இருந்தது. அப்போது என் பேத்தியின் குரல், கதவை ஒட்டி:

"அப்பா, கையெடுங்க. உள்ள மூணு உசிரு இருக்கு. இது செவ்வாய். வெளிய காத்து கிடையாது. நீங்க தொறந்தா ஆச்சி செத்துருவா."

"பைத்தியமாட்டி உனக்கு? நாம என்னத்த மூச்சு விட்டுக்கிட்டு நிக்கோம்?"

"நாம பூமியில நிக்கோம். ஆச்சி அங்க இருக்கா. ஒரு சாவு போதும்ப்பா இன்னைக்கு."

கைப்பிடி நின்றது. நான் கீழ்த்தட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். சர்க்கரையாக இருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து வட்டச் சன்னலை யாரோ விரலால் தட்டினார்கள். முகைதீன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, நீங்க வரணும்" என்றான். எஸ்தர் தயங்கினாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். "சன்னல் கதவு இல்ல. பாக்கலாம்" என்றாள்.

வெளியே நின்றது அண்ணன் மகன் ஆதிலிங்கம். வேட்டியெல்லாம் சிவப்பு மணல். அவனுக்குப் பின்னால் ஒரு வேன். கண்ணாடிப் பெட்டியைப் பின்பக்கம் பாதி வெளியே இழுத்து வைத்திருந்தார்கள். சுடுகாட்டுக்குப் போகிற வழியை விட்டு, கொல்லாந்தோப்பு மணலுக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

திட்டத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தேன். நானும் தயாராக நின்றேன்.

"அத்த!" என்று கத்தினான். கண்ணாடி தடிப்பானது, தண்ணீருக்குள் இருந்து பேசுகிற மாதிரிக் கேட்டது. "வெளிய வந்துராத! உன் மவன் பேச்சக் கேக்காத!"

எனக்கு விளங்கவில்லை. காதைக் கண்ணாடியில் வைத்தேன்.

"அப்பா உன் மேலதான் கட்டியிருந்தாரு! டீக்கடையில அத்தன பேரும், கிழவி ரெண்டே நாள்ல ஓடி வந்துருவான்னாங்க. 'என் தங்கச்சி வர மாட்டா, வந்தா மீசைய எடுக்கேன்'னு நின்னாரு. தெனமும் சாயங்காலம் கேப்பாரு, 'கதவு தொறந்துச்சால?'ன்னு. இல்லன்னா மீசையத் தடவிக்கிடுவாரு. நேத்துக் கோடித்துணி போத்தும்போது அந்தப் பயலுவ வந்து நிக்கானுவ, 'இப்ப வந்துருவா பாரு'ன்னு. நீ வந்துட்டா அவரு தோத்துப்போவாரு அத்த! அதான் இங்கயே கொண்டாந்துட்டோம். பாத்துக்கோ!"

பார்த்தேன். இரண்டு கண்ணாடிக்குப் பின்னால் படுத்திருந்தான். ஒன்று என்னுடையது, ஒன்று அவனுடையது. நெற்றியில் காசு, காதில் பஞ்சு. மீசைக்கு எண்ணெய் போட்டு இரண்டு பக்கமும் முறுக்கிவிட்டிருந்தார்கள். நரைத்த மீசை, வெயிலில் பளபளவென்று இருந்தது.

உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தேன். ஆதிலிங்கம் வெளியிலிருந்து அதே இடத்தில் அவன் கையை வைத்தான். அப்புறம் திரும்பி, "எடுங்கல" என்றான். வண்டி சக்கரம் மணலில் சிக்கிக்கொண்டது. என் மகன்தான் முதலில் போய்த் தோள் கொடுத்துத் தள்ளினான்.

சன்னலை விட்டு நகர்ந்தபோது எஸ்தரும் முகைதீனும் பின்னால் நிற்கிறார்கள் என்பதே எனக்கு நினைவில்லை.

"கீரைக்குத் தண்ணி காட்டணும்" என்றேன்.

ஆகஸ்ட் 2, சனி

கீரைக்குக் காட்டத் தண்ணீர் இல்லை. நான் தலைமுழுகியதில் தொட்டியின் அளவு இறங்கிவிட்டது. அளவு குறைந்தால் பூமிக்குச் சொல்ல வேண்டும். பூமி வெளியிலிருந்து நிரப்பினால் முகாம் செல்லாது. என்னை இறக்கக் காரணம் தேடுகிற செயலாளருக்கு இது பால்சோறு.

"என் பங்கத்தான் ஊத்துனேன். என் பங்குல கழிச்சுக்கோங்க" என்றேன்.

"உங்க பங்குல கழிச்சா நீங்க குடிக்கவே தண்ணி இருக்காது" என்றாள் எஸ்தர். கோபமாகத்தான் சொன்னாள். "தலைவின்னு ஒருத்தி இருக்கால்லா? கேட்டுட்டு ஊத்தியிருக்கலாம்லா?"

நியாயம்தான். கேட்டிருக்க வேண்டும். கேட்கிற நிலையில் நான் இல்லை என்பதை அவளிடம் சொல்லவில்லை.

முகைதீன் குறுக்கே வந்தான். "எங்கள்ல மையத்தக் குளிப்பாட்டாம எடுக்க மாட்டோம். உங்கள்ல உசிரோட இருக்கிறவங்க குளிக்கணும். எங்க போனாலும் சாவுக்குத் தண்ணி வேணும் அக்கா. தலைமைச் சங்கம் தண்ணிக் கணக்குப் போடும்போது அத மறந்துட்டாங்க. எழுதி அனுப்புங்க, செவ்வாய்க்குப் போறவன் சாவுக்குன்னு ஒரு குடம் தனியா வைக்கணும்னு."

எஸ்தர் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். பிறகு அப்படியே எழுதினாள். மறைக்காமல், குறைந்த அளவையும் எழுதினாள். இனி யாரும் குளிப்பதில்லை, துணி துவைப்பதில்லை, தண்ணீரை மூன்றாகப் பங்கிடுவது என்று முடிவானது. அவல், பொரிமா, கருப்பட்டி. நாற்றம் பொறுத்துக்கொள்வது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. ஊரெல்லாம் தண்ணீரைக் கும்பிடுகிறது. நாங்கள் ஆளுக்கொரு தம்ளரைக் கும்பிட்டுவிட்டுக் குடித்தோம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தலைமைச் சங்கத்திலிருந்து பதில். முகாம் செல்லும். சாவுத் தண்ணீர் பற்றி அவர்கள் கூட்டத்தில் பேசப்போகிறார்களாம். செயலாளர் வாழ்த்து அனுப்பியிருக்கிறார். முதலிலிருந்தே என்மேல் நம்பிக்கை வைத்திருந்தாராம்.

முகைதீன் குடிலின் மூட்டுகளைச் சோதித்தான். ஒரு பொடி மணல்கூட உள்ளே வர வழியில்லை என்று பெருமையாகச் சொன்னான். எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் வடிகட்டியைக் கழுவப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கதவு திறந்தது. வெயில், காற்று, சனம். செயலாளர் மாலையோடு நின்றார். மூன்று பேரும் ஒன்றாகத்தான் வெளியே வந்தோம். எங்கள் நாற்றத்தில் மாலை போட வந்தவர் இரண்டு எட்டுப் பின்வாங்கியதைப் பார்த்தேன்.

பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி மைக்கை நீட்டினாள். "பாட்டி, அஞ்சாங்கிளாஸோட படிப்ப நிறுத்துன நீங்க…"

"நிறுத்துனது நான் இல்லம்மா" என்றேன். "எழுதும்போது சரியா எழுது."

என் மகன் கார்க்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், "எங்கம்மா போகணும்?" என்றான். குமரன்விளை என்றேன். உடையை மாற்றிக்கொள்ளச் சொன்னான். மாற்றவில்லை.

துட்டி வீட்டில் பதினாறாம் நாள் விசேஷம் இன்னும் முடியவில்லை. கூடத்தில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆரஞ்சு உடையில் நான் படியேறவும் பேச்சு நின்றுவிட்டது. மூலையிலிருந்து ஒருத்தி, பேர் எழுத மாட்டேன், சத்தமாகவே சொன்னாள்:

"அண்ணன் சாவுக்கு வராதவ இப்ப எதுக்கு வேசம் போட்டுட்டு வாரா?"

"வேசம் இல்லட்டி. நேரா அங்கருந்து வாரேன். நீ எப்பயாவது இந்தத் தெருவத் தாண்டியிருக்கியா?"

மதினி எழுந்து வந்தாள். என்னைக் கட்டிப்பிடிக்கப் போகிறாளா அடிக்கப் போகிறாளா என்று தெரியவில்லை. என் உடையை மேலிருந்து கீழே பார்த்தாள். உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினாள். நான் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த படத்துக்கு நேரே போய் நின்றேன். பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். மீசை படத்திலும் முறுக்கித்தான் இருந்தது.

"தேரியத் தாண்டுனா திரும்பி வர மாட்டேன்னியே" என்றேன். "அதுக்கும் அங்கிட்டுப் போயிட்டு வந்துட்டேன். பாத்துக்கோ."

செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். மதினி கேட்காமலே இன்னொரு செம்பு கொண்டு வந்தாள். அதை அளக்காமல் குடித்தேன்.